குளிர்கடலில் சர்ஃபிங்: நீரின் வெப்பநிலை பார்த்து வெட்சூட் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கோவளத்திலோ மகாபலிபுரத்திலோ அறுகம்பையிலோ சர்ஃபிங் பழகியவர்களுக்கு, குளிர்நீரில் உடலைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் தேவைப்பட்டிருக்காது. அங்கெல்லாம் ஆண்டு முழுவதும் கடல் 26 முதல் 30 டிகிரிவரை இருக்கும். ராஷ் கார்டும் (தோல் உராயாமல் காக்கும் மெல்லிய மேற்சட்டை) அரைக்கால் சட்டையும் போதும். படிப்புக்கோ வேலைக்கோ பிரிட்டன் போய், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் கடற்கரையில் பலகையோடு இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதனால் இந்த வழிகாட்டிக்கு கார்ன்வாலையே முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முறை எந்தக் குளிர்கடலுக்கும் பொருந்தும்.

புதியவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். தள்ளுபடியில் கிடைத்த சூட்டை முதலில் வாங்கிவிட்டு, அது எந்தக் கடலுக்கு ஆகும் என்று பிறகு தேடுகிறார்கள். சரியான வரிசை இது: நீரின் வெப்பநிலை, தடிமன், தையல், அளவு, கடைசியாகக் கை கால் தலைக்கான உறைகள். முதல் படியில் தவறினால் மீதி எல்லாம் தவறும்.

1. வாங்கும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

எந்தக் கடற்கரை, எந்த மாதங்கள் என்பதை முதலில் எழுதுங்கள். “வருஷம் முழுக்கப் போவேன்” என்று நினைப்பவர்களில் பலர் மே முதல் அக்டோபர்வரைதான் போகிறார்கள். போகாத பிப்ரவரிக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு உடல் அளவுகள்: உயரம், எடை, மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு. பெண்கள் இடுப்புக்குக் கீழே அகலமான பகுதியின் சுற்றளவையும் எடுக்க வேண்டும். மார்பை அக்குளுக்குக் கீழே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தையல் டேப்பால் அளக்கவும். சட்டையின் அளவை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். சட்டை உடம்பிலிருந்து விலகி நிற்பது, சூட் உடம்போடு ஒட்ட வேண்டியது.

2. கடலின் வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள்

வானிலைச் செயலி காட்டுவது காற்றின் வெப்பநிலை. வெட்சூட் தேர்வுக்கு அது பாதிகூட உதவாது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். 15 டிகிரிக் காற்றில் மெல்லிய சட்டையோடு நடக்கலாம். 15 டிகிரி நீரில் அதே சட்டையோடு இருந்தால் கொஞ்ச நேரத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது.

கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். கார்ன்வாலில் நீர் மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில், 9 முதல் 10 டிகிரி. மிகச் சூடாக இருப்பது ஆகஸ்ட், செப்டம்பரில், 16 முதல் 17 டிகிரி. மே மாதத்தில் வெயில் அடிக்கும், காற்று 20 டிகிரியைத் தொடும், நீரோ இன்னும் 12 டிகிரியை ஒட்டியே இருக்கும். அக்டோபரில் மேகமூட்டமும் குளிர்காற்றும் இருந்தாலும் நீர் 15 டிகிரி இருக்கும். வெயிலைப் பார்த்து மே மாதத்தில் மெல்லிய சூட்டோடு இறங்குவதுதான் அங்கே அதிகம் நடக்கும் தவறு.

நாடு ஒன்றே என்றாலும் கடல் ஒன்றல்ல. வட கடலை ஒட்டிய சால்ட்பர்ன், டைன்மவுத் பக்கம் குளிர்காலத்தில் நீர் 6, 7 டிகிரிவரை இறங்கும். கோடையிலும் 14 டிகிரியைச் சுற்றியே நிற்கும். பிரான்ஸின் பியாரிட்ஸ், ஒஸ்கோர் பகுதியில் குளிர்காலம் 12, கோடை 21 அல்லது 22. சிட்னியில் ஆகஸ்ட், செப்டம்பரில் 18 அல்லது 19, பிப்ரவரி, மார்ச்சில் 23 வாக்கில். ஒரு ஊரில் வாங்கிய சூட்டை இன்னொரு ஊருக்கு எடுத்துப் போகும்முன் கணக்கை மறுபடி போட வேண்டும்.

சில கரைகளில் கோடைதான் ஏமாற்றும். கரையோரம் தொடர்ந்து அடிக்கும் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, ஆழத்தின் குளிர்நீர் மேலே வந்துவிடும். போர்ச்சுகலில் கோடை வடகாற்று இதைச் செய்கிறது. எரிசெய்ராவில் ஜூலையிலும் நீர் 18 டிகிரியைத் தாண்டத் தயங்கும். சான் பிரான்சிஸ்கோவில் நீர் மிகக் குளிர்வது ஏப்ரல் முதல் ஜூன்வரையிலான வசந்தத்தில். கேப் டவுனில் கோடைத் தென்கிழக்குக் காற்று வீசும் நாளில் அட்லாண்டிக் பக்கம் 12 டிகிரியும், அதே நகரின் மறுபுறமான மியூசென்பெர்க்கில் 19 டிகிரியும் இருக்கக்கூடும்.

அளவீட்டை எங்கே பார்ப்பது? கரைக்கு அருகே மிதக்கும் அளவீட்டு மிதவைதான் முதல் தேர்வு. கார்ன்வாலின் வடகரைக்கு பெரன்போர்த் அலை மிதவை நீரின் வெப்பநிலையையும் தருகிறது. அமெரிக்காவில் தேசியத் தரவு மிதவை மையம், இந்தியக் கடல்களுக்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ். செயற்கைக்கோள் தரும் எண், பரந்த கடற்பரப்பின் மேல்தோலுக்கான சராசரி. குளிர்கால மழைக்குப் பிறகு ஆற்று முகத்துவாரத்தின் அருகே நீர் அதைவிட ஓரிரு டிகிரி குறைவாக இருக்கலாம்.

நீங்கள் போகும் மாதங்களில் மிகக் குறைந்த எண் எதுவோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை எடுத்தால், மிகக் குளிர்ந்த மாதத்தில் நடுங்குவீர்கள்.

3. தடிமனை முடிவு செய்யுங்கள்

வெட்சூட்டின் நியோபிரீன், நுண்ணிய வாயுக்குமிழ்கள் அடங்கிய ரப்பர் நுரை. உடலின் வெப்பத்தைத் தக்கவைப்பவை அந்தக் குமிழ்கள். உள்ளே புகும் நீர்தான் உடலை வெதுவெதுப்பாக வைக்கிறது என்று சொல்வார்கள். உண்மையில் உள்ளே நீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. புதிதாகப் புகும் ஒவ்வொரு மிடறு நீரையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டியிருக்கும்.

4/3 என்று எழுதியிருந்தால் உடற்பகுதி 4 மி.மீ., கைகால்கள் 3 மி.மீ. கைகளில் மெல்லியதாக வைப்பது, பலகையில் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளும்போது தோள் களைக்காமல் இருக்க.

24 டிகிரிக்கு மேல் ராஷ் கார்டு போதும். 21 முதல் 24 வரை 1 அல்லது 2 மி.மீ. மேற்சட்டை, காற்று பலமாக இருந்தால் அரைக்கால் வைத்த 2 மி.மீ. சூட். 18 முதல் 21 வரை மெல்லிய முழு சூட் அல்லது 3/2. 15 முதல் 18 வரை 3/2. 12 முதல் 15 வரை 4/3, பூட்ஸோடு. 9 முதல் 12 வரை 5/4, பூட்ஸும் கையுறையும் சேர்த்து. 10க்குக் கீழே தலையுறையும். 9க்குக் கீழே தலையுறை இணைந்த 6/5.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஆளுக்கு ஏற்ப நகர்த்த வேண்டும். ஒல்லியான உடம்பு, பலமான காற்று, அலைக்காகப் பலகையில் உட்கார்ந்து நெடுநேரம் காத்திருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் 1 மி.மீ. கூட்டுங்கள். குழந்தைகளுக்குக் கட்டாயம் கூட்டுங்கள். சிறிய உடல் சீக்கிரம் வெப்பத்தை இழக்கும். ஆனால் அதிகத் தடிமன் எப்போதும் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். 17 டிகிரி நீரில் 5/4 போட்டால் வியர்த்துத் தலை கிறுகிறுக்கும், தோள் அரைமணியில் சோர்ந்துவிடும்.

கார்ன்வாலுக்கு ஒரே ஒரு சூட்தான் வாங்க முடியும் என்றால், மே முதல் நவம்பர்வரை நல்ல 4/3 தாக்குப்பிடிக்கும். ஆண்டு முழுவதும் போகிறவர்கள் 3/2, 5/4 என இரண்டு வைத்துக்கொள்வதே சரி. நியூகீ போன்ற ஊர்களில் சூட் வாடகைக்குக் கிடைக்கும். முதல் குளிர்காலத்துக்கு வாடகை எடுத்து, எந்தத் தடிமன் ஒத்துவருகிறது என்று பார்த்தபின் வாங்குவது புத்திசாலித்தனம்.

சர்ஃபிங்குக்கு என்று செய்ததையே வாங்குங்கள். டிரையத்லான் நீச்சல் சூட்டின் வழவழப்பான மேற்பரப்பு, பலகையின் மெழுகிலும் மணலிலும் உரசிக் கிழியும். ஆழ்கடல் மூழ்குவோரின் சூட் தோளில் விறைப்பாக இருக்கும். கையைத் தூக்கி வீசவே முடியாது.

4. தையலைப் பாருங்கள்

விலையில் இருக்கும் வேறுபாட்டுக்குத் தையல் பெரிய காரணம். கடையில் சூட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் ரயில் தண்டவாளம்போல் தட்டையாக ஓடும் நூல் தெரிந்தால் அது ஃபிளாட்லாக். ஊசி துணியை முழுதாகத் துளைத்திருக்கும், ஒவ்வொரு துளையிலும் நீர் கசியும். 18 டிகிரிக்கு மேல் பரவாயில்லை. அதற்குக் கீழே 3 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் அந்தத் தடிமனின் பலன் கிடைக்காது. பெரிய கடைகளில் மலிவாகத் தொங்கும் கடற்கரை சூட்கள் பெரும்பாலும் இந்த வகை.

ஓரங்களைப் பசையால் ஒட்டி, ஊசி பாதி ஆழம் மட்டும் போய்த் திரும்பும்படி தைத்தது பிளைண்ட்ஸ்டிச். 15 டிகிரிக்குக் கீழே இதற்குக் குறைந்த எதையும் எடுக்க வேண்டாம். 12க்குக் கீழே, இதன் மேல் உள்பக்கம் டேப் ஒட்டியதோ திரவ ரப்பர் பூசியதோ வேண்டும். 5/4 வாங்கும்போது பிராண்டின் பெயரைவிட இதற்குப் பணம் கொடுப்பது மேல்.

5. ஜிப்

முதுகு ஜிப் போடவும் கழற்றவும் எளிது. ஆனால் நீளமான ஜிப் முதுகை விறைப்பாக்கும், அதன் வழியே நீர் கசியும். மார்பு ஜிப் குட்டையானது, கழுத்து நன்றாக ஒட்டும். குளிர்கால சூட்டுக்கு மார்பு ஜிப், கோடை 3/2க்கு எது வேண்டுமானாலும். தோளில் பழைய காயம் உள்ளவர்கள் மார்பு ஜிப் சூட்டைக் கடையிலேயே கழற்றிப் பார்த்துவிட்டு வாங்கவும். நனைந்தபின் கழற்றுவது இன்னும் கடினம்.

6. அளவு: தடிமனைவிட இது முக்கியம்

தொளதொளத்த 5/4ஐவிட, உடம்போடு ஒட்டிய 4/3 சூடாக இருக்கும். இடைவெளி உள்ள இடத்தில் நீர் தேங்கும். ஒவ்வொரு முறை விழும்போதும் அது வெளியேறிப் புதிய குளிர்நீர் உள்ளே பாயும்.

வளரும் பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை எடுப்பதுபோல் “கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்” என்று எடுக்கிறார்கள். தனக்கும் அப்படியே, பிள்ளைக்கும் அப்படியே. இந்த ஒரு பழக்கத்தை வெட்சூட்டில் விட்டுவிட வேண்டும். உலர்ந்த சூட் கடையில் இறுக்கமாகத்தான் தெரியும். நனைந்ததும் சற்று இளகும். பிள்ளை வளர்வதுதான் கவலை என்றால், சரியான அளவில் பழைய சூட் வாங்கி, அடுத்த ஆண்டு விற்றுவிடுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது, முதலில் இடுப்பின் பின்புறம், முதுகுக் குழியில் சூட்டைக் கிள்ளுங்கள். கொத்தாகக் கையில் வந்தால் பெரியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். தோள் கீழே இழுபட்டால் உடற்பகுதி நீளம் போதவில்லை. குந்தி உட்காருங்கள், முழங்காலின் பின்னாலும் தொடையிடுக்கிலும் பெரிய மடிப்போ இடைவெளியோ இருக்கக் கூடாது. அக்குளில் வௌவால் இறக்கை மாதிரித் துணி தொங்கினால் அந்த அளவு வேண்டாம். கை மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும். கழுத்தில் ஒரு விரல் நுழைய வேண்டும், எளிதாக அல்ல. மூச்சு முட்டினாலோ தலை லேசானாலோ அந்தக் கழுத்து உங்களுக்கு ஒத்துவராது.

அளவுப் பட்டியல் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஓ’நீல் மீடியம் சரியாக இருந்தது என்பதால் ரிப் கர்ல் மீடியமும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஆண்கள் மார்பையும் உயரத்தையும், பெண்கள் மார்பையும் இடுப்பையும் முதலில் பொருத்திப் பாருங்கள். மார்பு மீடியம், உயரம் அதைவிடக் குறைவு என்றால் “மீடியம் ஷார்ட்” என்ற அளவு உண்டு. நம்மவர்களில் பலருக்கு அதுதான் பொருந்தும். கடையில் தொங்காது, கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். கணுக்காலில் மட்டும் நீளம் கூடினால் கூரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம், நியோபிரீன் நூல்பிரியாது. ஆனால் வெட்டிய சூட்டைத் திருப்பித் தர முடியாது. உடற்பகுதி நீளம் கூடினால் திருத்த வழியே இல்லை.

7. கால், கை, தலை

பூட்ஸ் 12 முதல் 15 டிகிரிக்கு 3 மி.மீ., அதற்குக் கீழே 5 மி.மீ. விரல் நசுங்கும் அளவுக்குச் சிறியதை எடுத்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். பெரியதை எடுத்தால் நீர் நிறைந்து கால் கனக்கும். கார்ன்வாலில் கோடையிலும் பூட்ஸுக்கு ஒரு பயன் உண்டு: நீர்மட்டம் வற்றியிருக்கும் வேளையில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் வீவர் மீனின் முள். வலி கடுமையாக இருக்கும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைக்க வேண்டும்.

கையுறை 12 டிகிரிக்குக் கீழே 3 மி.மீ. போதும், 7 டிகிரி நீருக்கு 5 மி.மீ. தேவைக்கு மேல் தடித்த கையுறையோடு பலகையின் விளிம்பைப் பிடித்து எழுவது கடினம்.

தலையுறையைப் பலர் கடைசிவரை ஒதுக்குகிறார்கள். குளிர்நீரும் காற்றும் ஆண்டுக்கணக்கில் பட்டால் காதுத்துளையில் எலும்பு வளர்ந்து அடைக்கும். அதைத் தடுப்பதற்கு, தலையுறை போடாத நாட்களில் காதடைப்பானாவது வேண்டும்.

8. போடும் வரிசை

மோதிரம், வளையல், மெட்டி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் முதலில் கழற்றி வையுங்கள். குளிர்நீரில் விரல் சுருங்கி, மோதிரம் தெரியாமல் நழுவிவிடும். மெட்டி பூட்ஸின் உள்ளே தோலைக் கிழிக்கும். நகத்தையும் வெட்டுங்கள். புது சூட்டில் விழும் பிறைவடிவக் கீறல்கள் பெரும்பாலும் நகத்தால் வந்தவை. சூட்டை இழுக்கும்போது விரலின் சதைப்பகுதியால் மட்டும் பிடியுங்கள்.

காலில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு நுழைத்தால் சட்டென வழுக்கிப் போகும். கணுக்கால், முழங்கால், தொடையிடுக்கு என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்காரவைத்த பிறகே மேலே போங்கள். கீழே ஓர் அங்குலம் விட்டால், மேலே தோள் இறங்காது. பிறகு கைகள், தலை, ஜிப்.

பூட்ஸைப் போட்டபின் சூட்டின் காலை அதன் மேல் இறக்குங்கள். பூட்ஸ் வெளியே இருந்தால் ஒவ்வொரு அலையும் அதை நிரப்பும். பலகையோடு காலைப் பிணைக்கும் லீஷைக் கட்டிய பிறகே கையுறை. கையுறையோடு அதன் ஒட்டுப்பட்டையைச் சரியாக ஒட்ட வராது. கழுத்தில் உராய்ந்து புண்ணாகிறது என்றால் பெட்ரோலியம் கலக்காத களிம்பு தடவுங்கள். வாசலின் வகைகள் நியோபிரீனுக்கும் பசைக்கும் ஆகாது.

9. இறங்கும்போதும் ஏறிய பிறகும்

பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. 15 டிகிரிக்குக் கீழான நீரைக் குளிர்நீர் என்று வரையறுக்கிறது. அதில் சட்டென விழுந்தால் மூச்சு தன்னால் உள்ளிழுபடும், இதயம் படபடக்கும். ஒன்றரை நிமிடத்துக்குள் இது தணியும். அதனால் இடுப்பளவு நீரில் நின்று முகத்திலும் கழுத்திலும் நீரை அள்ளித் தெளித்து, மூச்சு சீரான பிறகே அலைக்குள் போங்கள்.

முதல் சில முறை 45 நிமிடத்தோடு நிறுத்துங்கள். விரல்களை ஒன்றோடொன்று சேர்க்க முடியாமல் அவை விரிந்து நின்றால் உடனே கரைக்கு வர வேண்டும். கைவலு குறைந்தபின் இழுநீரோட்டத்தில் மாட்டினால் மீள்வது கடினம். “இன்னும் ஒரே ஒரு அலை” என்று அப்போது தங்க வேண்டாம்.

கரையேறிய பிறகும் சில நிமிடங்களுக்கு உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். காற்றுபடாத இடத்தில் ஈர சூட்டைக் கழற்றி, துடைத்து, கம்பளித் தொப்பியிலிருந்து தொடங்கி உடுத்துங்கள். ஃபிளாஸ்கில் இனிப்பான தேநீர் இருக்கட்டும். நேராகக் கொதிக்கும் குளியலுக்குப் போக வேண்டாம், மயக்கம் வரலாம். நடுக்கம் நிற்கும்வரை காரை ஓட்டவும் வேண்டாம்.

10. பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பசையை இளக்கும். வாஷிங் மெஷின் கூடவே கூடாது. உள்பக்கம் வெளியே தெரியும்படி, இடுப்பில் மடித்து, தடித்த ஹேங்கரில் நிழலில் போடுங்கள். தோளில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனம் தோளை நீட்டிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் ரப்பர் வெடித்துப்போகும்.

சிறு கிழிசலுக்கு நியோபிரீன் பசை கிடைக்கும். சூட் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு. தொட்டால் ஒட்டாமல் பிசுபிசுக்கும் நிலையில் ஓரங்களைச் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் பிடிக்காது. ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுப் பிறகு கடலுக்கு எடுத்துப் போங்கள்.

எங்கே கசிகிறது என்று தெரியவில்லையென்றால், சூட்டை உள்வெளியாகத் திருப்பி, காலின் முனையை முடிச்சுப் போட்டு, வாளித் தண்ணீரை ஊற்றி, மெல்லப் பிழியுங்கள். முத்துமுத்தாக நீர் அரும்பும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, காய்ந்தபின் பசை போடலாம். பழைய சூட் வாங்கும்போதும் முடிந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தொடையிடுக்கு, அக்குள், கழுத்தோரம் மூன்றையும் இழுத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். தையலில் கசிவதை ஒட்டிவிடலாம். நுரையே நசுங்கி, புதியதைவிட மெல்லியதாகவும் காகிதம்போல் விறைப்பாகவும் ஆகியிருந்தால் 5/4 என்ற எண் அதில் இனி பொருந்தாது. அதை இலையுதிர்காலத்துக்கு வைத்துக்கொண்டு, பிப்ரவரிக்கு வேறு தேடுங்கள்.